விபத்தில் அடிபட்டு மீண்டு வருபவருக்காக ஊர்கூடி நிதி திரட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒருவர் பைக் விபத்தில் அடிபட்டு ஐ.சி.யு.வில் இருக்கிறார் என்று தெரிந்தால், அன்று மாலைக்குள் வாட்ஸப் குரூப்பில் ஒரு ஜிபே எண் வந்துவிடும். முதல் பத்து நாளில் பணமும் ஓரளவு சேர்ந்துவிடும். ஆள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் நீண்ட செலவு ஆரம்பிக்கிறது. பிசியோதெரபி, கட்டு மாற்றப் போய்வர வாடகைக் கார், இரண்டாவது ஆபரேஷன், வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் மனைவி, நின்றுபோன சம்பளம். அப்போது குரூப்பில் பேச்சு அடங்கியிருக்கும். யாருக்கும் மனசு இல்லாமல் இல்லை. "அதான் அப்பவே கொடுத்தோமே, ஆளும் நல்லபடியா வந்துட்டாரே" என்று நினைத்துவிடுகிறோம்.

அதனால் மருத்துவமனை பில்லோடு இந்த வழிகாட்டியை முடிக்கப்போவதில்லை. ஆள் எழுந்து நடந்து மறுபடி சம்பாதிக்கத் தொடங்கும்வரை குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு முதல் நாளிலிருந்தே என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது பேராவூரணி பக்கம். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன்.

1. ஊரிடம் கேட்குமுன், வர வேண்டியதை வாங்குங்கள்

பலர் விட்டுவிடும் படி இதுதான். சட்டப்படி கிடைக்கக்கூடிய பணத்தை வாங்காமல் தெரிந்தவர்களிடம் கை நீட்டினால், அவர்கள் கொடுப்பது தேவையில்லாத இடத்தில் கரைந்துபோகும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 1.5 லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. இரண்டையும் பற்றி மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. கார்டு எடுக்காமலேயே இருந்தவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு ஓட வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த கையோடு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள். இந்த ஓட்டத்துக்கென்றே வீட்டாள் அல்லாத ஒருவரை ஒதுக்கிவிடுவது நல்லது. வீட்டாள் ஐ.சி.யு. வாசலை விட்டு நகர மாட்டார்.

அப்புறம் அவருடைய பேங்க் பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 1 லட்சமோ 2 லட்சமோ வரும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிப்பவரா? வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடந்த விபத்தையும் பணி விபத்தாகக் கருத இடமுண்டு. கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர் என்றால் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்: "உயிருக்கு ஆபத்து நீங்கிடுச்சு, இனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாத்தலாமா?" தனியார் மருத்துவமனையில் ஐந்தாம் நாள் இந்தக் கேள்வியைக் கேட்டதால், சேர்த்த பணம் முழுவதும் வீட்டுச் செலவுக்கு மிஞ்சிய குடும்பங்கள் உண்டு.

2. குடும்பத்தின் சம்மதம்

அடிபட்டவர் நினைவோடு இருந்தால் அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் மனைவி அல்லது கணவரிடம், பெற்றோரிடம். எந்த விவரத்தைச் சொல்லலாம், எந்தப் படத்தைப் போடலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதையெல்லாம் அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். ரத்தக் காயத்தோடும் குழாய்களோடும் இருக்கும் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் படம் அவர் பிள்ளைகளின் பள்ளி நண்பர்கள் போன் வரை போகும், நாளை அவர் எழுந்து கடைத்தெருவுக்கு வரும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நன்றாக இருந்தபோது எடுத்த படம் ஒன்று போதும்.

3. எவ்வளவு தேவை? ஆறு மாதக் கணக்கு

"முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் கேட்பவருக்குத் தேவை புரியாது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்காருங்கள். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது, ஆபரேஷன் செலவு காப்பீட்டில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரிக் கணக்கு இப்படி இருக்கும்.

வீட்டுச் செலவு மாதம் 15,000 வீதம் ஆறு மாதத்துக்கு 90,000. பிசியோதெரபி வாரம் மூன்று முறை, முறைக்கு 500 என்றால் 26 வாரத்துக்கு 39,000. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டப் போய்வர காருக்கு 2,000 வீதம் 26,000. மாத்திரை, கட்டுத்துணி, வாக்கர், வாடகைக் கட்டில் எல்லாமாக 25,000. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 20,000. எதிர்பாராத செலவுக்கு 10,000. மொத்தம் 2,10,000.

தொகை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் இந்த வரிகள் எல்லாம் இருக்க வேண்டும். தலையிலோ முதுகுத்தண்டிலோ அடி என்றால் இன்னும் சில வரிகள் சேரும்: படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட், சிறுநீர்க் குழாய் மாற்றும் செலவு, டயப்பர், சளி உறிஞ்சும் கருவியின் வாடகை, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் அம்மாவாகவோ மனைவியாகவோதான் இருப்பார். அவர் இழக்கும் கூலியையும் கணக்கில் எழுதுங்கள். அதைச் செலவாக யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குறைக்கக்கூடியதைக் குறையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரண சிகிச்சையும் வீட்டுக்கே இலவசமாக வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தண்டுவட அடி என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், தென்காசி ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை ஆகிய மூன்றையும் விசாரியுங்கள். விபத்தில் தண்டுவடம் பாதித்து சக்கர நாற்காலிக்கு வந்த மேரி வர்கீஸ் என்ற மருத்துவர்தான் வேலூர் மையத்துக்கு அடித்தளம் போட்டவர். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவை இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அமர் சேவா சங்கம். அங்கே போய்வந்த குடும்பத்துக்கு, இனி என்ன செய்யலாம் என்று ஒரு வழி தெரியும்.

4. பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும்?

இதில் நிதானமாக இருங்கள். பின்னால் வரும் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

அடிபட்டவரின் கணக்கு மட்டும் வேண்டாம். அவர் நினைவிழந்திருந்தால் யாராலும் பணத்தை எடுக்க முடியாது. நிதி திரட்டுபவரின் சொந்தக் கணக்கும் வேண்டாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாளைக்கு ஒரு சொல் வரும். மனைவி அல்லது பெற்றோர் பெயரில் உள்ள கணக்கே சரி. அதிலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

அந்த வங்கியில் அவர்களுக்குக் கடன் பாக்கி இருக்கிறதா? இருந்தால் வந்த பணம் தவணைக்குப் பிடிக்கப்படலாம். கடன் இல்லாத வேறு வங்கியில் உள்ள கணக்கைக் கொடுங்கள். இரண்டாவது, கே.ஒய்.சி. முழுமையாக முடிந்த கணக்கா? அடையாள ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. மூன்றாவது, கிளை மேலாளரை முன்கூட்டியே பார்த்து, இந்தக் காரணத்துக்காகப் பலரிடமிருந்து பணம் வரப்போகிறது என்று ஒரு கடிதமும் மருத்துவமனைச் சீட்டின் நகலும் கொடுத்துவிடுங்கள். திடீரென்று நூற்றுக்கணக்கான யு.பி.ஐ. வரவு வந்து கணக்கு முடங்கினால், அதை விடுவிக்க ஆகும் நாட்களை அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாது.

கணக்கைப் பார்க்க மூன்று பேர் போதும். குடும்பத்தில் ஒருவர், எழுதத் தெரிந்த ஒருவர், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

5. செய்தியை எழுதுவது

கண்ணீர் வரவழைக்கும் வார்த்தைகளைத் தேட வேண்டாம். படிப்பவருக்கு நான்கு விஷயம் தெரிந்தால் போதும்: யார், என்ன நடந்தது, எதற்கு எவ்வளவு, பணம் யார் கைக்குப் போகிறது. மேலே சொன்ன கணக்கையே வைத்து ஒரு மாதிரி:

"நம் மேலத்தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் (பெயர், வயது) 12ஆம் தேதி இரவு வேலை முடிந்து வரும்போது பைக் விபத்தில் சிக்கினார். தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டில் கழிந்துவிட்டது. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுச் செலவு, பிசியோதெரபி, பயணம், மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய் தேவை. மாதம் 500 ரூபாய் வீதம் ஆறு மாதம் கொடுப்பவர்கள் கிடைத்தால் மிக உதவியாக இருக்கும். மொத்தமாகக் கொடுத்தாலும் சரி. கணக்கு அண்ணி பெயரில் உள்ளது. அனுப்புமுன் திரையில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள இருவருக்கும் போன் செய்யலாம். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் வாரத்தில் ஒருநாள் அண்ணனை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் வந்தாலும் போதும்."

காப்பீட்டில் கழிந்ததை மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "கார்டுல எல்லாம் ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு வசூல்?" என்று டீக்கடையில் எழும் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். 'மாதம் 500' என்ற வரியும் அப்படித்தான், அதை எடுத்துவிடாதீர்கள். ஒரே தடவை 3,000 கொடுக்கத் தயங்கும் ஆள் மாதம் 500 கொடுக்கச் சம்மதிப்பார். நான்காம் மாதமும் குடும்பத்துக்குப் பணம் வரும்.

செய்தியில் தேதியும் கடைசி நாளும் கட்டாயம் இருக்க வேண்டும். தேதியில்லாத செய்தி இரண்டு வருடம் கழித்தும் சுற்றும். யாராவது க்யூ.ஆர். கோடை மட்டும் மாற்றித் தங்கள் கணக்கைச் செருகி அனுப்புவதும் நடக்கிறது. அதனால்தான் திரையில் வரும் பெயரைப் பார்க்கச் சொல்வது.

6. யாரிடம், எப்படிக் கேட்பது?

குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பத்தில் ஒருவர் கொடுப்பது அபூர்வம். போன் செய்து பேசினால் பெரும்பாலானவர்கள் கொடுப்பார்கள். அதனால் முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்: பங்காளிகள், மாமன் மச்சான் வகை, கூடப் படித்தவர்கள், வேலை பார்த்த இடம், வர்த்தகர் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, கோவில் கமிட்டி, ஜமாத், சர்ச், மகளிர் சுய உதவிக் குழு, அரிமா, ரோட்டரி சங்கங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்த வட்டத்து ஆளே பேச வேண்டும். நெருங்கியவர்களிடம் முதலில் வாங்கி, ஓரளவு சேர்ந்த பிறகு வெளியே போங்கள். ஏற்கெனவே நாலு பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஐந்தாமவருக்கு நம்பிக்கை வரும்.

எங்கள் பக்கம் இதற்கென்றே ஒரு பழைய வழி இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். ஆளுக்கொரு மேசை. ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார், இன்னொருவர் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். வட்டி இல்லாமல் ஒரே நாளில் பெரிய தொகை சேரும். வாங்கியவர் பின்னால் மற்றவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும்.

விபத்துக் குடும்பத்துக்கு இதே மாதிரி ஒரு விருந்து வைக்கலாம். 2024இல் வயநாடு நிலச்சரிவுக்கு நிதி திரட்ட திண்டுக்கல்லில் பிரியாணி போட்டு மொய் விருந்து வைத்தார்கள். திருப்பிச் செய்ய வேண்டாத மொய் அது. நீங்களும் பத்திரிகையிலேயே அதைத் தெளிவாகப் போட்டுவிடுங்கள். எழுந்து நடக்கவே ஆறு மாதம் ஆகும் ஒருவர் தலையில் மொய்க்கடனை ஏற்றக் கூடாது என்பதே என் கருத்து. அதே சமயம், சில குடும்பங்கள் "சும்மா வாங்க மாட்டோம், மொய்யா எழுதுங்க" என்று பிடிவாதமாகச் சொல்வார்கள். அந்தத் தன்மானத்துக்கு மதிப்புக் கொடுங்கள். அப்போது இரண்டு நோட்டு வையுங்கள். ஒன்றில் திருப்பித் தர வேண்டிய மொய், மற்றதில் நன்கொடை. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சண்டை வரும்.

விருந்துச் செலவை ஒருவர் தலையில் போடாமல், அரிசி ஒருவர், கறி ஒருவர், பந்தல் ஒருவர் என்று பொருளாகவே வாங்கிவிட்டால் மொய் மேசையில் வரும் பணம் முழுவதும் குடும்பத்துக்குப் போகும்.

சேர வேண்டிய தொகை சில லட்சங்களைத் தாண்டினால் மிலாப், கெட்டோ, இம்பேக்ட்குரு போன்ற இணையதளங்களைப் பயன்படுத்தலாம். மருத்துவமனை எஸ்டிமேட், அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். பணத்தை நேராக மருத்துவமனைக்கு அனுப்பும் வசதியும் உண்டு. தொடங்குமுன் கட்டண விவரத்தை முழுதாகப் படியுங்கள். கொடுப்பவரின் திரையில் 'டிப்' என்று ஒரு தொகை ஏற்கெனவே குறித்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் தேவை என்றால் இணையதளம் வேண்டியதில்லை, ஊர் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் ஒன்று. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நிதிச் சட்டச் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நிதி. உறவினர் அல்லாத அப்படிப்பட்டவர்கள் பெரிய தொகை தருவதாகச் சொன்னால், வாங்குமுன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

7. கணக்கு காட்டுவது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். வந்தது, செலவானது, மீதி என்று மூன்று வரி போதும். பெயர் வெளியே வர வேண்டாம் என்பவர்களை 'நண்பர்' என்று எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பெயர் போடலாம், தொகை போட வேண்டாம். 200 ரூபாய் கொடுத்த கொத்தனாரின் பெயருக்குப் பக்கத்தில் 20,000 கொடுத்தவரின் தொகை இருந்தால் அடுத்த 200 ரூபாய் வராது. கையில் வாங்கும் பணத்தை அன்றைக்கே கணக்கில் கட்டிவிட வேண்டும்.

செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லும்போது ஓர் எல்லை வேண்டும். மருந்து பில், கார் வாடகை, ஃபீஸ் எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வாங்கியதை யாரும் கேட்கக் கூடாது. கேட்பவர்களுக்கு, வீட்டுச் செலவு மாதம் 15,000 என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது, அதற்குள் என்ன வாங்குவது என்பது அவர்கள் முடிவு என்று குழுவிலிருந்து பதில் போக வேண்டும். குடும்பம் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

8. மூன்றாம் மாதம்

நாள்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் மாதம் மீண்டும் ஒரு செய்தி போக வேண்டும். கெஞ்சலாக வேண்டாம், நிலவரமாக. "அண்ணன் இப்போது வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறது. இன்னும் மூன்று மாதத்துக்கு 80,000 தேவை." ஏற்கெனவே கொடுத்தவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள், அவர்களில் பலர் மறுபடியும் கொடுப்பார்கள். அவரே பேசி ஒரு நிமிட வீடியோ அனுப்ப விரும்பினால் அனுப்பட்டும். வற்புறுத்த வேண்டாம்.

பணம் இல்லாத உதவிகளுக்கும் இதுதான் நேரம். பிள்ளைகளைப் பள்ளியில் விட ஒருவர், மதியச் சாப்பாடு கொடுக்க நான்கு வீடு முறைவைத்து, அம்மா இரண்டு மணி நேரம் தூங்க மதியம் வந்து உட்கார ஒருவர். சும்மா "எதுனாலும் சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நான் வர்றேன்" என்று சொல்லுங்கள்.

9. வழக்கும் வரியும்

எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். நன்கொடைப் பணத்தில் கட்டிய பில்லும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் சான்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருப்பதால், நிதி திரட்டும் பரபரப்பில் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு, தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்க வரும் புரோக்கர்களிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது முழுவதும் வருமானக் கணக்கில் சேரும். மற்ற வருமானம் குறைவாக இருப்பதால் பல குடும்பங்களுக்கு வரி கட்ட வேண்டி வராது. ஆனாலும் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தனி நபருக்குக் கொடுத்ததற்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரி விலக்கு) கிடையாது என்பதையும் கேட்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

10. முடிப்பது

இலக்கு எட்டியதும் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். கடைகளில் ஒட்டிய க்யூ.ஆர். நோட்டீஸ்களைக் கிழித்தெடுங்கள். இணையதளத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடச் சொல்லுங்கள். கடைசிக் கணக்கைக் குழுவின் மூவரும் கையெழுத்திட்டுப் படமாகப் போடுங்கள். பணம் மீதி இருந்தால் அதை என்ன செய்வது என்று குடும்பம் முடிவு செய்யட்டும். கம்பி எடுக்க ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு ஆபரேஷன் வரலாம். அதற்கென்று ஒரு வைப்புக் கணக்கில் போட்டுவைக்க முதலில் யோசனை சொல்லுங்கள்.